பாலத்துக்கு நடுவுல அணையுது

இல்லம்மா, கம்ப்யூட்டரை யாரும் கீழ போடல. தானா அணையுதுங்கிறேன்! படம் போட்டா ஓடுது, பாட்டு போட்டா பாடுது. கேமுக்குள்ள போனா மட்டும் கால் மணி நேரம்தான். சரியா அந்தப் பாலத்துக்கு நடுவுல போய் நிக்கும்போது டப்புனு கறுப்பு. சொல்லாம கொள்ளாம போயிடுது.

யார் ஆடுறதா? நான்தான். ஏம்மா அப்படிப் பாக்கறீங்க, அம்பத்தெட்டு வயசுல ஆடக் கூடாதா? தையல்காரன்மா நான். காலையில பேண்ட் துணி வெட்டுவேன், நாலு மணிக்கு மேல பூதத்தை வெட்டுவேன். வீட்டுக்காரிக்கு இன்னும் நம்பிக்கை வரல, எட்டி எட்டிப் பாத்துட்டுப் போறா.

இன்னிக்கு நாலு மணிக்குள்ள ரிப்பேர் பண்ணிக் குடுத்துடுவீங்களா? என் கூட்டாளி வந்துடுவா, அதான். கேம்ல அவ பேரு சுண்டெலி. நேத்து ஒரு கேள்வி கேட்டா. பதில் அடிக்கக் கையைக் கொண்டு போறேன், அணைஞ்சிருச்சு! திரும்பப் போட்டேன், திரும்ப அணைஞ்சுது. அதுக்குள்ள அவ போயிட்டா. அப்பலேர்ந்து எனக்கு இருப்பே கொள்ளல. ஒரு சட்டைக்கு ரெண்டு இடது கை வெட்டி வச்சிருக்கேன்னா பாத்துக்குங்க!

எல்லாம் பண்ணிப் பாத்தாச்சும்மா. எதிர்க்கடை ஃபோட்டோக்காரரு வைரஸ்னாரு. தேடினா ஒண்ணும் இல்ல. மெமரியைக் கழட்டி ரப்பர் வச்சுத் தேய்ங்கன்னாரு. பளபளன்னு தேய்ச்சேன். புல்லு வேணாம், நிழல் வேணாம்னு கேம்ல எல்லாத்தையும் குறைங்கன்னாரு. குறைச்சேன். காடு மொட்டையாயிடுச்சு, பாவம் சுண்டெலிக்குத் தலையில முடியே இல்ல. அப்பவும் அணையுது. கடைசியா சூடுன்னாரு. டேபிள் ஃபேனைக் கொண்டாந்து பக்கத்துலயே வச்சேன். ம்ஹூம்.

ஐயோ, அழிச்சுட்டு புதுசா போடறதெல்லாம் வேணாம்மா! அதுல இருக்கற எதுவும் என்னோடது இல்ல. ஒண்ணும் போயிடக் கூடாது.

பையா? அது பை இல்லம்மா, கவர். நானே தைச்சது. சும்மா இல்ல, டேப் வச்சு அளந்து, கோட்டுத் துணி, உள்ள கம்பளி லைனிங், பின்னாடி பட்டன். ஒரு நூல் இடைவெளி இருக்காது, எங்கேர்ந்து தூசி போகும்? தொட்டுப் பாருங்க தையலை.

எப்பத் தைச்சேனா? மூணு வாரம் ஆச்சு. அணைய ஆரம்பிச்சதா? அதுவும் ஒரு மூணு... இருங்க. இருங்கம்மா.

ஆடும்போது கழட்டல. போட்டுக்கிட்டுதான் ஆடினேன். ஃபேன் காத்தும் கவர் மேலதான் அடிச்சிருக்கு! வயர் வர்றதுக்கு அழகா காஜா எடுத்தேனே, அது மூச்சு விட ஒரு ஓட்டை வைக்கலையே! சிரிங்க, நல்லா சிரிங்க. எனக்கே அடக்க முடியல. வேகாத வெயில்ல ஓடுறவனுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டுட்டு, ஏன்டா மயங்கி விழறேன்னு ஊரெல்லாம் விசாரிச்சிருக்கேன்!

கவரைக் கழட்டி உங்க ஸ்க்ரீன்ல மாட்டிட்டீங்களா? உள்ள போயிட்டேன். இதான் காடு. அப்படியே நேரா... எவ்வளவு நேரம் ஆச்சும்மா? இருபது நிமிஷமா? பாலம் தாண்டிட்டேன்! அக்கரையைப் பாத்து மூணு வாரம் ஆச்சு. நீங்க நல்லா இருக்கணும்மா!

அவ என்ன கேட்டாளா? சொல்றேன். ஆறு மாசமா சேந்து ஆடறோம். நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. அவ யாருன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணுதான். இந்தக் கம்ப்யூட்டரே அவளோடதுதான், கோச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆகுது. நான் ஃபோன் பண்ணா எடுக்க மாட்டா. ஒரு நாள் தூசி தட்டப் போயி போட்டுப் பாத்தேன், அவ ஆடற கேமும் சுண்டெலிங்கற அவ பேரும் அதுல இருந்துச்சு. சரி, நாமளும் உள்ள போய் அவ பக்கத்துல நிப்போமேன்னு கத்துக்கிட்டேன். முதல் மாசம் முழுக்க என்னைக் காப்பாத்தறதுதான் அவளுக்கு வேலை.

நேத்து அந்தப் பாலத்துல ஒரு கவசம் கிடைச்சுது. அவ மாட்டிக்கிட்டா. எனக்கு வாயைக் கட்ட முடியல, தோள் தூக்குது, கைக்குழி இன்னும் அரை இஞ்ச் இறக்கணும்னு அடிச்சுட்டேன். அவகிட்டேர்ந்து ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு. அப்பாவா? அவ்வளவுதான்மா, ரெண்டு வருஷம் கழிச்சு! நான் சந்தோஷத்துல எழுந்தே நின்னுட்டேன். பதில் அடிக்கப் போறேன், அந்த நேரம் பாத்து அணைஞ்சிருச்சு.

ஐயய்யோ, அவ பேரு பக்கத்துல பச்சை விளக்கு எரியுது, வந்துட்டா! மணி இன்னும் நாலாகலையே? நான் எழுத்தைத் தேடறதுக்குள்ள போயிடுவாம்மா, நீங்களே அடிங்க. ஆமான்னு போடுங்க. அப்பாதான்னு போடுங்க. அப்புறம் நேத்து அது தானா அணைஞ்சுது, நான் பிளக்கைப் பிடுங்கலன்னு போடுங்க.

இல்லம்மா, அதைக் கட்டாயம் போடணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே கேம்ல பெரிய போட்டி, அதுல கடைசி ஆட்டம் ஆடிட்டிருந்தா. ஜெயிக்கப் போற நேரம். நான்தான் போயிப் பிடுங்கினேன்.