உள்பக்கக் கைப்பிடி

இந்த அறையில் ஏசி மாட்டியவர் ரசமட்டம் வைத்து நேராக மாட்டியிருக்கிறார், ஐயா. அதனால்தான் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சுவர் ஊறிக் கிடக்கிறது. ஜன்னல் ஏசி நேராக உட்காரக் கூடாது. பின்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வெளியே போகும். ஒரு ஸ்பேனர் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சரி செய்துவிடுவேன். வேண்டாம் என்றால் விடுங்கள்.

அந்த அரை அங்குலத்தைச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. முப்பத்தைந்து வருடம் ஏசி மெக்கானிக். கடைசி மூன்று வருடமாக அவருக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தது. அம்மா செத்துப்போனது மறந்தது. சாப்பிட்டது மறந்தது. நான் யார் என்பதும் மறந்தது. யாரோ கூட வேலை செய்கிறவன் என்று நினைத்து என்னைத் "தம்பி" என்பார். தொழில் மட்டும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் உறுமினால்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்டு, "கம்ப்ரசர் ரப்பர் போயிடுச்சு" என்பார். போய்த்தான் இருக்கும்.

நான் தெருத் தெருவாகப் போய் நிலத்தடி கேபிள் பழுது பார்க்கிறவன். சொந்த லாரி. அதன் பின்னால் கருவிகள் வைக்க ஓர் இரும்புப் பெட்டி, ஆள் நிமிர்ந்து நிற்கலாம். வீட்டில் பூட்டிவிட்டுப் போனால் அப்பா எப்படியோ வெளியே வந்துவிடுவார். ஒருநாள் நாற்சந்தி நடுவில் நின்று பஸ்களிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். லாரியில் முன்சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தேன். ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்தார். மிச்சம் இருந்தது பின்பெட்டிதான். வெயில் ஏறினால் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. அதனால்தான் ஏசி. அக்கறை இல்லாதவன் ஏசி மாட்டுவானா, நீங்களே சொல்லுங்கள்.

அக்கா ஃபோனில் கெஞ்சினாள். "என்கிட்ட விட்டுடுடா. நான் வீட்லதானே இருக்கேன், நான் பாத்துக்கறேன்." முடியாது என்றேன். எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது, அப்பனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற பிள்ளை என்று. கடையில் வரிசையில் நின்றால்கூட முன்னால் விடுவார்கள். அதை அக்காவுக்கு எதற்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏசியை மாட்டினேன். அப்பா பெட்டிக்குள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பெட்டியின் முன்சுவரில் அளவு கீறி, கிரைண்டரால் அறுத்து, சுற்றிலும் ஆங்கிள் சட்டம் போட்டு, அடியில் ரப்பர் வைத்து ஏசியை ஏற்றினேன். ஒரு சாண் அதிகமாக உள்ளே இழுத்துவிட்டேன் போல. மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார்.

"யோவ் தம்பி! பக்கத்து ஓட்டையெல்லாம் வெளிய இருக்கணும்யா. மூக்கைப் பொத்திட்டா அது எப்படி மூச்சு விடும்? உனக்கு யாருய்யா தொழில் சொல்லிக் குடுத்தது?"

"எங்க அப்பா."

"நல்ல அப்பன் போ! அந்த ஆளை ஒருநாள் கூட்டிட்டு வா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஏசியை ஓடவிட்டதும் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் முகப்பில் தட்டினார். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. எங்கேயாவது திருகு ஆடினால் அந்த அதிர்வில் காட்டிக்கொடுத்துவிடும். ஓடுகிற ஏசியில்தான் அந்தச் சோதனை, வாழ்நாள் முழுக்க அவர் செய்தது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "வேலையில இருக்கறவனைக் குறுக்க கூப்பிடாதே" என்றார். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல்லி வந்ததுதான்.

கீழே இறங்கும்போது கதவைத் தடவிப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"ஒரு பெரியவருக்கு. பகல் முழுக்க உள்ளயே இருக்கணும்."

"உள்பக்கம் கைப்பிடி இல்லையே? கரண்டு நின்னா அந்த மனுஷன் வெந்து போயிடுவான். முதல்ல அதைப் போடு."

சரி என்றேன். மறுநாளே கடையில் வாங்கிவிட்டேன். கருவிப் பெட்டியில் உறை பிரிக்காமல் இருக்கிறது, உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு உள்பக்கக் கைப்பிடி எந்தக் கம்பெனியும் வைப்பதில்லை. நான் எதையும் கழற்றவில்லை. போடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. ஒரு நாற்காலி, ஒரு மெத்தை, தண்ணீர். ஏசியை ஓட்டுகிற ஜெனரேட்டரைப் புகை உள்ளே போகாதபடி வண்டியை விட்டுத் தள்ளி இறக்கிவைப்பேன். அதிலெல்லாம் நான் கவனம். சாயங்காலம் கதவைத் திறந்தால், வேலை முடிந்து திரும்புகிறவர் மாதிரி கையை உதறிக்கொண்டு இறங்குவார். அக்கா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அழுதாள். "நம்ம அப்பாடா இவரு. சாமான் மாதிரி அடைச்சு வெச்சிருக்கியே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலையில், ஏறுகிற படியில் அப்பா நின்றார். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"நீ என் பையன்தானே? என்னை ஏன்டா இதுக்குள்ள போடறே?"

எனக்குக் கூசிப்போயிற்று. பிறகு கோபம் வந்தது. இத்தனை நாள் நான் குளிப்பாட்டியது, ஊட்டியது, மலம் அள்ளியது ஒன்றுக்கும் என்னைத் தெரியவில்லை. இதற்கு மட்டும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் இதையே சொல்வார், தெருவே கேட்கும். "ஏறுங்கப்பா" என்றேன். ஏறிக்கொண்டார்.

ஜெனரேட்டரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். பாதித் தொட்டி இருந்ததை நீங்கள் திறந்து பார்த்துவிட்டீர்கள். உண்மைதான், ஐயா. மதியம் பன்னிரண்டரைக்கு அதை அணைத்தது நான்தான். வண்டி முழு வெயிலில் நின்றது. நான் எதிரே இருந்த சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சத்தம் வந்தது. இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. மறுபடியும் அதேபோல. இரண்டு மணி வரை கேட்டது. அப்பா ஏசியைச் சோதித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வேலையில் இருக்கிறவரைக் குறுக்கே கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.