நீலப் பொன்னாடை

— பெரியோர்களே! தாய்மார்களே! இந்த இல்லத்தின் வரலாற்றிலே பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய ஓர் அறிவிப்பை, இதோ...

— என்னங்க, இங்க இருக்கிறது நானும் பக்கத்து வீட்டு பாட்ரீசியாவுந்தான். மூச்சு இழுக்குது பாருங்க. உக்காந்து சொல்லுங்க.

— குறுக்கிடாதே, கமலவேணி. என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஈசினோபில் தொள்ளாயிரம்! முனியாண்டிக்கு எவ்வளவு தெரியுமா? அவரே சொன்னார், வெறும் இருநூறு. கோயில் தலைவர் பதவியை இந்த வடிவேலுவிடமிருந்து பறித்தவருக்கு இருநூறு! நம் பத்து பெரண்டாம் வட்டாரத்திலேயே நான்தான் முதல்!

— ஐயோ அங்கிள், அது பரீட்சை மார்க் இல்ல லா. கூடுனா கெடுதல்.

— நீ நெஞ்சு கிளினிக்ல நர்ஸா இருக்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாட்ரீசியா.

— ஈசினோபில்னா ரத்தத்துல ஒரு வெள்ளை அணு ஆண்ட்டி. புழு கிழு உள்ள வந்தா சண்டை போடுற சோல்ஜர். அங்கிளுக்கு எதிரியே இல்லாம கூட்டம் சேந்திருச்சு. கொஞ்சம் தூசி வந்தாப் போதும், மூச்சுக்குழாய்க்குள்ள போய் கலாட்டா பண்ணுது. அங்க வீங்கிப் போய் வழி அடைச்சிக்குது.

— இவரு கமிட்டியில கூட்டுவாரே, அவசரக் கூட்டம். அதேதான்.

— நையாண்டி வேண்டாம். எதிரி இருக்கிறான். கறுப்பு நிறம், நான்கு கால், ஒரு வால். கிச்சாப்! அந்தப் பூனை நாளைக்கே பாச்சாங்கில் உன் தங்கை கோமளா வீட்டுக்கு நாடு கடத்தப்படுகிறது.

— நம்ம மக ஷாந்தினி வேலைக்குன்னு சிங்கப்பூர் போனதுலருந்து, இந்த வீட்ல என்கிட்ட பேசுறது அது ஒண்ணுதாங்க.

— ஏன், நான் பேசவில்லையா?

— நீங்க உரையாத்துறீங்க. சரி விடுங்க. போன வெள்ளிக்கிழமை நெஞ்சப் புடிச்சிக்கிட்டு, ஒரு வார்த்த சொல்ல முடியாம உக்காந்திருந்தீங்களே. அத இன்னொரு தடவ பாக்க என்னால ஆகாது. கூடைய எடுத்து வச்சிட்டேன். அனுப்பிடுறேன்.

— ஆண்ட்டி, துங்கு துங்கு, கொஞ்சம் பொறுங்க! ரெண்டாவது பேப்பர யாருமே பாக்கலையா? எது ஒத்துக்கலன்னு இதுலதான் இருக்கு. பூனை, ஒண்ணுமே இல்ல. தூசிப்பூச்சி, ஆறாவது கிளாஸ். அதுக்கு மேல கிளாஸே கிடையாது.

— உச்சமா?

— சந்தோசப்படாதீங்க அங்கிள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது. துவைக்காத மெத்தை, தலகாணி, பழைய துணி, அங்கதான் குடியிருக்கும். நீங்க எது மேல படுக்குறீங்க?

— வாய் ஓயாத மனுசன், இப்ப மட்டும் என்ன? சொல்லுங்க.

— என்... பொன்னாடைகள்.

— பதினேழு, பாட்ரீசியா! இவருக்கு மேடையில போர்த்துனது பூரா தலகாணி உறைக்குள்ள. துவைக்க விட மாட்டாரு. ஜரிகை போயிடுமாம்.

— அலாமாக்! இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துறணும் அங்கிள். அதுலயே மூஞ்சிய வச்சுப் படுத்தா இன்ஹேலர் என்ன செய்யும்?

— பதினாறையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீலத்தை மட்டும்... வேணி, அத மட்டும் விட்டுரு. கோயில் தேர்தல்ல தோத்த வருசம், திருவிழாவுல ஒருத்தன் என் முகத்தப் பாக்கல. அப்ப முனியாண்டியே மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்துனது. அதுல கன்னத்த வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது. அதுக்குன்னு ஒரு வாசம் இருக்கு வேணி. கௌரவத்தோட வாசம்.

— நீங்களே வச்சிக்குங்க. சுடுதண்ணியில அலசித் தர்றேன்.

— சாயம் போயிட்டா? அந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?

— போகாது. பன்னெண்டு வருசம் துவைச்சுத் துவைச்சுத்தான் கட்டினேன். அன்னைக்கு உங்களுக்குன்னு அவங்க ஒண்ணும் வாங்கி வைக்கல, நான்தான் முனியாண்டி கையில குடுத்தேன். அது என் பழைய புடவையில பாதி.