மாமாவின் இருக்கை

— கத்திய அப்படிப் பிடிக்காதடி ஆர்லின். மீனோட தோலு கிழிஞ்சா புகை போட்டுக் காயத் தொங்கவிட முடியாது. பல்கலைக்கழகத்துல இதெல்லாம் மறந்து போயிடும் போல.

— ஆரம்பிச்சிட்டியா டெல்ஃபீனக்கா. நான் வந்து அரை மணி நேரம்கூட ஆகல.

— நான் என்னத்தச் சொன்னேன், ஊரே சொல்லுது. நம்மள மாதிரி பழங்குடிகளோட ஆட்சி, தொழில் வளர்ச்சி, அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இனி நம்ம ஆர்லின்தான் தலைவியாம். வான்கூவர்ல கடலப் பார்த்த அறையாம். மளிகைக் கடைக்காரன் உன் போட்டோவ வெட்டி ஒட்டி வெச்சிருக்கான். எனக்குப் பால் வாங்கப் போகவே பிடிக்கல.

— பொறாமைன்னு நேராச் சொல்லிடேன்.

— பொறாமைதான், யாரு இல்லன்னா? வயிறு எரியுது. உன் புஸ்தகத்தப் படிச்சேன். நாலாவது அத்தியாயம் பூரா நம்ம மீன் ஆலைதானே?

— ஆமாக்கா. ஊர்ச்சபை மூக்க நுழைக்காம ஆலைய விட்டதாலதான் அது நிமிர்ந்துச்சுன்னு காட்டியிருக்கேன். அதப் படிச்சிட்டு நாலு ஊர்ல இப்ப அப்படியே பண்றாங்க.

— சபை தானா விட்டுச்சா? சபைத் தலைவரு தன் மச்சானுக்கு வேலை கேட்டு வந்தப்ப, வாசல்ல நின்னு முடியாதுன்னவ யாரு? அந்த வருஷம் பூரா எங்கிட்ட ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசல. ஊர்க் கல்யாணத்துலகூட என் பக்கத்துல உக்கார ஆளில்ல. நீ என்னடி எழுதியிருக்க? "ஒரு மேலாளர் மறுத்தார்." யாருடி அந்த ஒரு மேலாளர்?

— பேசினவங்களுக்குப் பின்னால தொல்லை வரக் கூடாதுன்னு பேரு போட மாட்டோம்க்கா. அது விதி.

— அட்டையில உன் பேரு கொட்டை எழுத்துல இருக்கே. அதுக்கு விதி கிடையாதா?

— நீ சம்மதிச்சா போட்டிருக்கலாம். நான் உன்னக் கேக்கல. கேக்கணும்னு தோணவேயில்ல, தப்புதான்.

— இருபத்திரண்டு வருஷமா அந்த ஆலைய நடத்துறேன்டி.

— சரி, உனக்கு இப்ப என்ன குறை? நம்ம தாய்மாமா தவறிப் போய் ஒரு வருஷம் ஆச்சு, நாளைக்கு எல்லா வீடும் கூடுற விருந்துல அவரு பேரையும் தலைவர் இருக்கையையும் அடுத்தவங்களுக்குக் குடுக்கப் போறாங்க. அது உனக்குத்தான்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். நம்ம ஓநாய்க் குலத்து வீட்டுக்கே நீ தலைவி. எனக்கு எரியாதுன்னு நெனச்சியா? நூறு புஸ்தகம் எழுதினாலும் அந்த இருக்கை எனக்கு வராது.

— உனக்கா? எம்மேலயா?

— சின்ன வயசுலேர்ந்தே. ஒவ்வொரு விருந்துலயும் மாமா உன்னத்தான் பக்கத்துல உக்கார வெப்பாரு. நான் கதவோரம் தட்டு கழுவிட்டிருப்பேன்.

— இத நீ ஒரு நாளும் சொன்னதில்லையே.

— சொல்லக் கூடிய சங்கதியா அது? ஏன் கத்தியக் கீழ வெச்சிட்ட?

— அந்த இருக்கைக்குன்னு நம்ம வீட்டுல ஒரு கட்டுப்பாடு இருக்குமே. சொல்லு, நீதான் படிச்சவ.

— இதுக்குப் படிக்கணுமா? உக்காந்தவங்க இந்தப் பள்ளத்தாக்க விட்டு வெளிய குடியிருக்கக் கூடாது. காடு, மீன் பிடிக்கிற இடம், நம்மாளுங்க சண்டை எல்லாம் சாகுற வரைக்கும் அவங்க தலையில. நீ எங்கயும் போறவ இல்லையே, உனக்கென்ன?

— வேண்டாம்னு சொல்லலாமா?

— மத்த வீடுகளுக்குச் சேதி போன பிறகா? அப்புறம் ஒரு வீடும் நம்மளோட உக்காந்து சாப்பிடாது. நம்ம பிள்ளைங்களால தல நிமிர முடியாது. யாருதான்க்கா மறுப்பா? ஏன் இப்படிப் பாக்குற, பயமா இருக்கா?

— மாமாவுக்கு அடுத்தது யாருன்னு, அவரு அக்கா தங்கச்சி மகள்கள்ல மூத்தவ வாயால சொல்றதுதானே முறை. போன ஞாயித்துக்கிழமை பெரியம்மாங்க மூணு பேரும் என்னக் கேக்க வந்தாங்க.

— நீ உன் பேரச் சொல்லியிருப்ப. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லக்கா, அது உனக்கு உரியதுதான்.

— அன்னிக்குக் காலையிலதான் உன் நாலாவது அத்தியாயத்தப் படிச்சேன் ஆர்லின். உன் பேரச் சொல்லிட்டேன், எல்லா வீட்டுக்கும் சேதி போயாச்சு.