ஒரு முழு நிமிடம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மீனவர் கரைக் குழுத் தலைவர் ஹாஸ்டன் சிலோங்கோ அவர்களே, ஊர்த் தலைவர் அவர்களே, ஜெபித்துத் தொடங்கிவைத்த போதகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவி ரோய்டா அம்மையாரே, வலைகளை உலரப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஏரிக்கரைச் சொந்தங்களே, மருத்துவமனைத் தோழர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என் பெயர் எஸ்னாட் கலுவா. முப்பது ஆண்டுகளாகச் செவிலி. அதில் இருபத்தாறு ஆண்டுகள், நாம் எல்லோரும் ஐயா என்கிற மரியாதையோடு பாம்போ என்று அழைத்த லாமெக் முசுக்வாவோடு ஒரே அறையில் வேலை செய்தவள். சண்டை போட்டவள் என்றும் சொல்லலாம். அழுவதற்காக நான் மேடை ஏறவில்லை. அழ வேண்டியதை மூன்று வாரமாக அழுதாயிற்று. இன்று எனக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அவரைப் பாராட்டுவது. மற்றது, அவர் முடிக்காமல் விட்டுப்போன ஒரு காரியத்தை முடித்துப் பார்ப்பது. இந்த மேடையில் இருக்கும் ஒருவரின் மணிக்கட்டை ஏழு ஆண்டுகளாகக் கேட்டார் பாம்போ முசுக்வா. கிடைக்கவில்லை. அந்த ஒருவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தானே சிரிக்கிறீர்கள்?

சிரியுங்கள். அவர் கூட்டங்களில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

யார் இந்த லாமெக் முசுக்வா? பெரிய பட்டம் வாங்கிய டாக்டரா? இல்லை. துணை மருத்துவர். டாக்டர் வராத ஊருக்கு அவர்தான் டாக்டர். அவர் கை கொடுக்கும் விதம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? கை கொடுக்கும்போது நாமெல்லாம் இடக்கையால் நம் முழங்கையைத் தாங்கிக்கொள்வோம். அவர் தம் இடக்கையால் உங்கள் மணிக்கட்டைத் தாங்குவார். கண் உங்கள் முகத்தில் இருக்கும். வாய் குடும்ப நலம் விசாரிக்கும். மூன்று விரல் நாடியில் இருக்கும். ஒரு முழு நிமிடம்! ஏரிக்கரையில் இவரைப் போலப் பணிவானவர் கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம்.

அவர் மகள் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளையின் மாமா வந்தார். வாசலிலேயே கையைப் பிடித்தவர் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நெகிழ்ந்துபோனார்கள். "என்ன பாசம் பாருங்க, சம்பந்தம் முடியறதுக்கு முன்னாடியே" என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். கையை விட்டதும் பாம்போ சொன்னார்: "பெண்ணைத் தர்றேன். ஆனா நீங்க திங்கக்கிழமை என்னோட ஆஸ்பத்திரிக்கு வரணும்." அந்த மாமா இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணம் முடிந்து பதினோரு ஆண்டு ஆகிறது. தினமும் மாத்திரை போடுகிறார். போன மாதம்கூடப் படகு தள்ளினார். கையைத் தூக்குங்கள், எல்லோரும் பார்க்கட்டும். நன்றி.

இந்த முழு நிமிடத்துக்காக நான் அவரோடு போட்ட சண்டை கொஞ்சமா? வெளியே வரிசை மாமரம் வரை நிற்கும். "பதினஞ்சு விநாடி எண்ணி நாலால பெருக்கினா என்ன பாம்போ? ஊரே அப்படித்தானே செய்யுது?" என்பேன். "நாலு வீட்டை எட்டிப் பார்த்துட்டு ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சொல்வியா எஸ்னாட்?" என்பார். "ஒழுங்கா ஓடுற நாடியைப் பெருக்கலாம். ஒழுங்கில்லாததைப் பெருக்க முடியாது. அடுத்த அடி எப்ப வரும்னு அதுக்கே தெரியாது." நான் முணுமுணுத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்து நிற்பேன்.

பெரிய மருத்துவமனையில் இந்த நோய்க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்பார் பாம்போ. அவர் சொல்கிற விதமே வேறு. "நெஞ்சுக்குள்ள மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. ரெண்டு பொம்பளைங்க ஒரே உரல்ல மாத்தி மாத்திக் குத்துற மாதிரி அதுங்க வேலை செய்யணும். உங்களுக்கு என்னாச்சுன்னா, மேல இருக்கிறவ உலக்கையைத் தூக்காம நடுங்கிக்கிட்டு நிக்கிறா. கீழ இருக்கிறவ தாளம் தெரியாம கண்டபடி குத்துறா."

"எப்படியோ மாவு வருதில்ல பாம்போ?" என்று கேட்பார்கள்.

"வருது. ஆனா மேல் அறையில ரத்தம் தேங்குது. தேங்கினா கட்டி தட்டும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போச்சுன்னா, காலையில வலை இழுத்தவர் மத்தியானம் கையைத் தூக்க முடியாம கிடப்பார்."

சிலருக்கு நெஞ்சு படபடக்கும். சிலருக்கு மூச்சு வாங்கும். ஆனால் பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாதவர்களைத்தான் அவர் விரல்கள் தேடிக்கொண்டிருந்தன. ரத்த அழுத்தம் ஏறியவர்கள், சிறுவயதில் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்கள், வயதானவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. இருபத்தாறு ஆண்டுகளில் நூற்று நாற்பத்தாறு பேரைக் கை கொடுத்தே கண்டுபிடித்தார். அறுபது கிலோமீட்டர் தள்ளி இதய வரைபடம் எடுக்கிற இடத்துக்குக் கூடவே போய் உறுதி செய்துகொண்டு வந்தார்.

அந்த நூற்று நாற்பத்தாறு பேரில் ஒருவர் வைசன் சிலோங்கோ. நம் தலைவரின் அண்ணன்.

இனி நான் சொல்லப்போவதை எட்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் இருந்தேன். இன்று காலை வைசனின் மனைவி வீட்டுக்குப் போய் முதலில் அவரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "அங்க மேடையில போய்ச் சொல்லுங்க. என் கொழுந்தன் காதுல விழட்டும்" என்றார். ஆகவே சொல்கிறேன்.

வைசனுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுத்தோம். அந்த மாத்திரைக்கும் பச்சைக் கீரைக்கும் ஆகாது. கீரை கூடினால் மாத்திரையின் வேலை குறையும். கீரையைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் நான். அன்று வரிசையில் நாற்பது பேர். எனக்குப் பொறுமை இல்லை. "கீரை பக்கமே போகாதீங்க" என்றேன். "எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டார். "மாத்திரை இருக்கிற வரைக்கும்" என்றேன். இவ்வளவுதான் பேசினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வைசன் சொன்ன சொல் தட்டாத மனிதர். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை வெறும் மீனும் ந்சீமாக் களியும்தான் சாப்பிட்டார். விரலில் குத்திப் பரிசோதித்து அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்ற அளவில் மாத்திரை வைத்திருந்தோம். ஜனவரியில் மழை வந்தது. வீட்டைச் சுற்றிப் பூசணி படர்ந்தது. நிலக்கடலை மாவு போட்டுப் பூசணி இலை சமைத்தால் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஐந்து மாதம் அடக்கி வைத்த நாக்கு. பத்து நாள் ஆசை தீரச் சாப்பிட்டார். பதினோராம் நாள் வலை இழுக்கும்போது வலது கை விழுந்தது, வாய் கோணியது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார்.

பாம்போ முசுக்வா பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் புரட்டினார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த மாதம் விழுகிறார்கள்? ஜனவரி, பிப்ரவரி. பூசணி இலை வருகிற மாதங்கள்! நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "கீரையை அடியோட நிறுத்தச் சொன்னது யாரு?" என்றார். "நான்தான்" என்றேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "நீ என்ன சொல்லி அனுப்புறேன்னு நானும் ஒருநாள்கூடக் கேக்கலையே" என்றார்.

மறுநாள் சிலோங்கோ வீட்டுக்கு நடந்து போனார். "சாப்பாட்டு விஷயத்துல தப்பாச் சொல்லிட்டோம். பொறுப்பு என்னோடது" என்றார். என் பெயரைச் சொல்லவே இல்லை. அன்றோடு ஹாஸ்டன் சிலோங்கோ அவருக்குக் கை கொடுப்பதை நிறுத்தினார்.

அந்த வருடம்தான் 'ஒரு பிடி' சட்டம் வந்தது. மழைக்காலத்தில் பச்சை இலை ஒரு பிடி. வெயில் காலத்தில் உலர்த்தி வைத்த இலை ஒரு பிடி. வருடம் முழுவதும் அதே பிடி. உங்கள் கூரைகளின்மேல் இன்று இலை காய்கிறதே, அது யார் செய்த வேலை? போன மூன்று ஜனவரியிலும் நம் மாத்திரைக்காரர்களில் ஒருவரும் விழவில்லை. ஒருவரும் இல்லை!

நம் தலைவருக்கு வருவோம். கரையிலிருந்து மேடு ஏறும்போது அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவதைப் பாம்போ பார்த்துவிட்டார். விடுவாரா? கை கேட்டார். தலைவர் சொன்ன பதில் ஊருக்கே தெரியும். "நீங்க பிடிக்கிற வரைக்கும் என் அண்ணன் கை நல்லாத்தான் இருந்துச்சு. என் கை என்கிட்டயே இருக்கட்டும்."

"சரி, கை வேண்டாம். பாவோ ஆட வர்றீங்களா?" என்று கேட்டார் பாம்போ.

ஏழு ஆண்டு ஆடினார்கள். மாமரத்தடியில் பலகையைப் போட்டு, குழியில் கொட்டைகளை அள்ளி அள்ளி விட்டு! ஏழு ஆண்டில் ஒரு ஆட்டமாவது பாம்போ ஜெயித்தாரா? இல்லை. "உங்க டாக்டருக்குக் கணக்கே வராது" என்று தலைவர் கரை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஐயா, அவர் பலகையைப் பார்த்தால்தானே ஜெயிப்பதற்கு? அவர் கண் உங்கள் கழுத்தில் இருந்தது. கழுத்து நரம்பு துடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் மறைத்துக்கொண்டே இருந்ததால் ஒரு முழு நிமிடம் ஒருநாளும் கிடைக்கவில்லை.

கல்லீரல் நோயில் படுத்திருந்த கடைசி வாரம் அவரைப் பார்க்கப் போனேன். தன் மணிக்கட்டைத் தானே பிடித்தபடி கிடந்தார். "இது மட்டும் ஒழுங்கா ஓடுது எஸ்னாட், மத்ததெல்லாம் வேலைநிறுத்தம்" என்று சிரித்தார். பிறகு, "ஹாஸ்டனை மட்டும் விட்டுட்டேன்" என்றார். அவர் மருத்துவமனையைப் பற்றிச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். ரோய்டா அம்மையார் பக்கத்தில் இருந்தார், கேட்டார்.

பாம்போ சிலோங்கோ, உங்கள் அண்ணனிடம் தப்பாகச் சொன்னது நான். லாமெக் முசுக்வா இல்லை. எட்டு ஆண்டு உங்கள் கோபத்தை அவர் எனக்காக வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம். அவரை மட்டும் மன்னித்துவிடுங்கள். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

அன்பர்களே, வியாழக்கிழமைதோறும் அவர் நாடி பார்த்த அறையை மூட விடமாட்டோம். நானும் இரண்டு செவிலியரும் பொறுப்பேற்கிறோம். இதை அவர் பெயரால் உறுதி சொல்கிறேன். கூட்ட முடிவில் ஒரு நிமிடம் மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அவர் இருந்திருந்தால், "சும்மா நிக்கிறதுக்கா ஒரு நிமிஷம்?" என்று கேட்டிருப்பார். எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மூன்று விரல் வையுங்கள். பெருக்க வேண்டாம். ஒரு முழு நிமிடம். நான் என் பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டுகிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம்.

நிமிடம் முடிந்தது. உட்காருங்கள். நன்றி.

தாளம் தப்புகிறது என்று தோன்றியவர்கள் பயப்பட வேண்டாம். வியாழக்கிழமை வாருங்கள். இங்கே நான் எண்ணியது என்ன என்று மேடையில் சொல்ல மாட்டேன். அது எனக்கும் என் நோயாளிக்கும் இடையில் இருக்கட்டும். நிமிடம் முடிந்து நான் விட்ட பிறகும் தலைவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அதை எல்லோரும் பார்த்தீர்கள். ஒலிவாங்கியை ஒரு கையால் மூடிக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டார். அது உங்கள் காதில் விழுந்திருக்காது. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டார்.

ஏழு மணிக்கு, பாம்போ. கீரை சாப்பிட்டுட்டே வாங்க.