‘மற்றவை’ என்று ஒரு கட்டம்

ஹலோ... ஹலோ தம்பி, அக்காதான்டா... ஆமா, ஆமா, நம்ம லாட்ஜுக்கு வந்துட்டாங்க. ஒரு அம்மா மட்டும் முன்னாடியே. மத்த நாப்பது பேரும் நாளைக்கு... ஆமாடா, நீ சொன்ன அதே வாரம், அதே நாடு. உங்க சுற்றுலா ஆபீஸ் கணக்கு தப்பல... கைதட்டாதே. கொஞ்சம் வாய மூடுறியா?

அழல... சரி, அழுதுட்டுதான் இருக்கேன். கேளு.

அந்தம்மாவுக்கு இருக்கறதுலயே நல்ல ரூமா குடுத்தேன். மாடியில, ஏரியப் பாத்த பெரிய ஜன்னல். நானே போய்த் திரைய சர்ருனு இழுத்து, "எப்படி இருக்கு பாருங்க"ன்னு சிரிச்சேன்டா. அந்தம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க... மயக்கம்லாம் இல்ல. ஜன்னலுக்கு முதுகக் காட்டிட்டு, பையிலேர்ந்து ஒரு ஃபோட்டோ எடுத்தாங்க. பையன். பதினஞ்சு வயசு இருக்கும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கான்.

இந்த ஏரியிலதான்டா. பத்து வருஷம் ஆச்சாம். அவங்க நாட்டு ஸ்கூல்லேர்ந்து டூர் வந்த பசங்க, படகு கவுந்து... பன்னண்டு பேரு. இவன மட்டும் கடைசி வரைக்கும் எடுக்கவே முடியலையாம்.

எனக்கு எப்படிடா தெரியும்? நாங்க இந்தப் பக்கம் வந்தே ஒரு வருஷம். எதிர்க் கடைக்காரர்கிட்ட கேட்டா, "தெரிஞ்சுதான் கட்டுறீங்கன்னு நெனச்சோம்"ங்கிறார்.

நாளைக்கு வர்றவங்களும் அந்தப் பசங்களோட அப்பா, அம்மா, கூடப் பொறந்ததுங்க... ஆமா. அதான் வருஷா வருஷம் வந்து ஒம்பது ராத்திரி தங்குறாங்க. "விடாம வர்றவங்க அக்கா, ஏரியப் பாத்து ரூம் கட்டு, படகு விடு"ன்னு நீதான சார்ட்டு போட்டுக் காட்டுனே? ஏன் வர்றாங்கன்னு ஃபாரத்துல கேப்பீங்கல்ல?... என்ன போட்டிருந்தாங்க?... "மற்றவை"யா? அத்தன பேருமா? அப்புறம் சுற்றுலான்னு எப்படிடா... நீயே சேத்துட்டியா? கட்டம் கொஞ்சமா இருந்தா சார்ட்டு அழகா இருக்கும்னா? அடப்பாவி.

உன்ன மட்டும் சொல்லலடா. நானும்தான் வாசல் பூரா பலூன் கட்டி வெச்சிருக்கேன். "குதூகலப் படகு சவாரி"ன்னு போர்டு வேற. உங்க மாமா ஏணி போட்டுக் கழட்டிட்டிருக்கார்.

நாளைக்கு உங்க ஆபீசரக் கூட்டிட்டு வராதே. ஃபோட்டோ வேணாம், பேண்டு வாத்தியம் வேணாம். அடுத்த வருஷம் இதே வாரம் படகுப் போட்டி வெக்கறதையும் நிறுத்து... கையெழுத்து ஆயிடுச்சுன்னா என்ன? உன் கணக்குதான, தப்புன்னு நீயே போய்ச் சொல்லு... வேல போனா வேற வேல கெடைக்கும்டா. அந்தம்மாவுக்கு...

சரி, சரி, நீ அழாதே. சொல்லிடுவல்ல? இன்னிக்கே?... ம்.

இரு, கீழ வந்துட்டாங்க. ஷூவக் கழட்டிக் கையில வெச்சிருக்காங்க... படகக் காட்டுறாங்கடா. போகணுமாம். இத்தன வருஷமா கரையிலயே நின்னுட்டுத் திரும்பியிருக்காங்க, ஒரு படகுக்காரரும் ஏத்த மாட்டேன்னுட்டாராம்... நான் கூடப் போறேன். உங்க மாமா ஓட்டுவார்.

தம்பி, வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த வருஷ ஃபாரம் நிரப்பிக் குடுத்துட்டாங்க. "மற்றவை"ல டிக் அடிச்சு, பக்கத்துல சின்னதா எழுதியிருக்காங்க. அத எதோடயும் சேத்துடாதடா... என்னவா?

"மகனைப் பார்க்க."

வெச்சிடறேன்.