மாஸ்டர் வாசிக்காமல் வைத்த கடைசிப் பக்கம்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, தர்மபுரத்து வாய்க்கால் கட்டு வழியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன தில்லைநாதன் மாஸ்டர், நெஞ்சு வலி வந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நடந்தது இவ்வளவுதான்.

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் அதிபர் யோகலிங்கம் அவர்களே, முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் யாகப்பு அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாஸ்டரின் மனைவி விமலேஸ்வரி அக்கா அவர்களே, மண்டபத்தின் இந்த மூலையில் இருக்கும் ஐயாத்துரை அண்ணை அவர்களே, அந்த மூலையில் இருக்கும் தம்பி நடராசா அவர்களே, நடுவில் இருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே.

எனக்கு முன் பேசியவர்கள் மாஸ்டரைக் கல்விக்கடல் என்றார்கள், அறிவுச்சுடர் என்றார்கள். அவர்கள் படித்தவர்கள், அவர்களுக்கு அது வரும். நான் சைக்கிளில் கருவாடு விற்றுத் தொடங்கி ஒரு கடை வைத்தவன். எனக்குச் சரக்கைப் பற்றிச் சொல்லத்தான் தெரியும். ஆகவே தில்லைநாதன் மாஸ்டர் இந்தக் குடியேற்றத்துக்கு என்ன கொண்டுவந்தார், அதை நாங்கள் என்ன செய்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

அறுபத்தோராம் ஆண்டு, ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்தார். நெல் மூட்டை அடுக்கும் பின்னறையை எட்டிப் பார்த்தார்.

"செல்வநாயகம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்திலை இந்த அறை எனக்கு வேணும்."

"என்னத்துக்கு மாஸ்டர்?"

"கதை வாசிக்க."

"வாசிக்கிறதுக்கு ஒரு அறையோ? இருக்கக் கதிரை ஒண்டு போதாதோ?"

"வாசிக்கக் காணும். பேசக் காணாது. இருபது பேருக்கு இடம் வேணும். மூட்டையளை ஒருக்கா நகர்த்தி விடுங்கோ."

இருபது பேர் ஆர் வரப்போகினம் என்று நான் சிரித்தேன். மூன்றாவது ஞாயிறு எனக்கே இருக்க இடமில்லை. காடு வெட்டிக் களைத்த சனம், யாழ்ப்பாணத்து ஊர்களை விட்டு வந்து தண்ணீருக்கும் யானைக்கும் காவல் இருந்த சனம், ஞாயிற்றுக்கிழமை குளித்து முழுகி ஒரு சிறுகதை கேட்க வந்து இருந்தது. உங்களில் பாதிப்பேர் அந்த மூட்டைகளில் சாய்ந்து இருந்தவர்கள்தானே?

அவர் வாசிக்கும் முறை உங்களுக்குத் தெரியும். பத்திரிகையில் வந்த கதையோ, கையெழுத்தில் இருந்த கதையோ, எழுதியவர் பேரைச் சொல்லமாட்டார். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றிக் கொண்டு கேட்பார். "ஆருக்கு என்ன வேணும்? குறுக்கை நிக்கிறது என்ன?"

நாங்கள் பேசவேண்டும். முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லவேண்டும், அது கதைப்பின்னல். பிறகு அதை நடக்கவிடாமல் மறித்தது எது என்று சொல்லவேண்டும், அது முரண். அதற்குப் பிறகு கடைசிப் பக்கத்தை வாசிப்பார். இதையெல்லாம் எழுதினவர் எதற்காக எழுதினார் என்று அப்போது பேசுவோம், அது கரு. கருவும் பேசி முடிந்தபிறகுதான் எழுதினவர் பேர் வரும்.

"பேரை முதலிலை சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?" என்று கருவாடு கொண்டு வருகிற யாகப்பு ஒருநாள் கேட்டார்.

"பேர் தெரிஞ்சால் நீர் ஆளைப் பாப்பீர், யாகப்பு. கதையைப் பாக்கமாட்டீர்."

"நான் மீனைத்தான் மாஸ்டர் பாக்கிறது. ஆரின்ரை வள்ளத்து மீன் எண்டும் கேட்டுத்தான் வாங்குவன்."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. மாஸ்டரும் சிரித்தார். விதியை மட்டும் மாற்றவில்லை.

இன்னொரு ஞாயிறு, ஒரு குடிகாரப் புருசனின் கதை. ஆண்கள் எல்லாரும் அவனுக்கு என்ன வேண்டும், அவனுக்குக் குறுக்கே நிற்பது என்ன என்று வாதாடினார்கள். கதவடியில் இருந்த இலட்சுமி அக்கா எழும்பினா. "அந்த வீட்டிலை ஒரு பொம்பிளையும் இருக்கிறா. அவாவுக்கு என்ன வேணும் எண்டு இவ்வளவு நேரமும் ஒருத்தரும் கேக்கேல்லை." மாஸ்டர் அன்றைக்குக் கதையைத் திரும்ப முதலில் இருந்து வாசித்தார். அதே கதைதான். எங்களுக்கு வேறு கதையாகக் கேட்டது.

அவர் அடிக்கடி சொன்ன ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். "நடந்த சம்பவம் கதையின்ரை சட்டை. சட்டையைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு நிக்கிற முரணைப் பாருங்கோ." எனக்கு அது வியாபாரத்துக்கு உதவியது. மண்வெட்டி விலை கேட்க வந்தவர் அரை மணித்தியாலம் மழையைப் பற்றிக் கதைத்தால், அவருக்கு வேண்டியது மண்வெட்டி அல்ல. வீட்டில் சண்டை. திரும்பிப் போக மனமில்லை. ஒரு தேத்தண்ணி கொடுத்தால் காணும். மாஸ்டரிடம் இருந்து நான் படித்தது இது. நீங்கள் என்ன படித்தீர்கள்? அதைத்தான் சொல்ல வருகிறேன். சொல்லாமல் இறங்கினால் இந்தக் கூட்டத்துக்கு நான் வந்ததில் பிரயோசனம் இல்லை.

மழை பொய்த்த அந்த வருடம் மறந்திருக்க மாட்டீர்கள். ஐயாத்துரை அண்ணைக்கு மேல்வயல். நடராசாவுக்குக் கீழ்வயல். வாய்க்கால் ஒன்று. இருவரும் மைத்துனர்மார்; ஐயாத்துரை அண்ணையின் தங்கை இராசமலரைத்தான் நடராசா கட்டியிருக்கிறார். கீழ்வயலுக்குத் தண்ணீர் முறை வந்த அன்றைக்கு மேல்வயல் மடை திறந்தபடி கிடந்ததாம். அடுத்த முறைக்கு நடராசா விடிய முதல் போய் மேல்வயல் மடையை மண் போட்டு அடைத்தாராம். ஆர் முதல் பிழை விட்டது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இருவருமே எனக்கு நெல் தருகிறவர்கள்.

அந்த நேரத்தில் ஒரு ஞாயிறு மாஸ்டர் ஒரு கதை வாசித்தார். யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு புகையிலைத் தோட்டம். அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரு துலாக் கிணறு. ஆள் மாறி ஆள் இறைக்கிற முறை. கோடை வருகிறது. தம்பி தன் முறைக்கு முன்னால் எழும்பிப் போகிறான். அண்ணன் அதற்கும் முன்னால் எழும்புகிறான். இப்படியே போய்க் கிணறு ஓய்வில்லாமல் இறைபடுகிறது. அந்த இடத்தில் மாஸ்டர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆருக்கு என்ன வேணும்? குறுக்கை நிக்கிறது என்ன?"

நடராசா சொன்னார், "தமையன்தான் குறுக்கை நிக்கிறார். முறை எண்டால் முறை."

ஐயாத்துரை அண்ணை மூட்டையில் சாய்ந்து இருந்தவர் நிமிர்ந்தார். "தம்பியார் ஏன் முறைக்கு முன்னம் எழும்பினவர்? அதை முதல் கேளுங்கோ."

"தமையன் மடையைத் திறந்து விட்டதாலை."

கதையில் மடை இல்லை. கிணறுதான் இருந்தது.

ஐயாத்துரை அண்ணை எழும்பினார். "மாஸ்டர், இந்தக் கதை ஆர் எழுதினது?"

"பேசி முடியட்டும் ஐயாத்துரை."

"இப்ப சொல்லுங்கோ."

"இன்னும் கடைசிப் பக்கம் இருக்கு. கருவைப் பேசேல்லை. இருங்கோ."

"கிணறு எண்டு எழுதினால் வாய்க்கால் எண்டு எனக்கு விளங்காதோ? சட்டையைக் கழட்டிப் பாக்கச் சொல்லி நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்? இது இவர் சொல்லிக் குடுத்து எழுதுவிச்ச கதை."

"நானோ?" என்றார் நடராசா. "உங்களுக்கு வெக்கமில்லையோ மச்சான்? என்னைக் கள்ளனாக்க நீங்கள் எழுதுவிச்சுப் போட்டு, என்னை நோக்கிக் கையை நீட்டுறியள்."

ஒருவர் முன்வாசலால் போனார். மற்றவர் பின்வாசலால் போனார். கடைசிப் பக்கம் மாஸ்டரின் கையில் இருந்தது.

நான் அன்றைக்கே சொன்னேன். "மாஸ்டர், பேரைச் சொல்லி விடுங்கோ. சரக்கு எங்கை இருந்து வந்தது எண்டு தெரிஞ்சால் அரைவாசிச் சண்டை முடியும்."

"சொன்னால் பேரைக் கேட்டுப்போட்டுப் போவினம், செல்வநாயகம். கதையைப் பேச வரமாட்டினம். அவை ரெண்டுபேரும் வந்து இருக்கட்டும். விட்ட இடத்திலை இருந்து தொடங்குவம்."

இறந்தவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்பார்கள். நான் உயிரோடு இருக்கும்போதே எதிர்த்துப் பேசினவன், இப்போது மாற்றிச் சொல்லமாட்டேன். மாஸ்டர் அதில் பிழை விட்டார். நல்ல மனிதர் விட்ட பிழை. ஆனாலும் பிழைதான்.

அதன் பிறகு நடந்தது என்ன? மேல்வயல் ஆட்கள் வருகிற இடத்துக்குக் கீழ்வயல் ஆட்கள் வரவில்லை. கீழ்வயல் ஆட்கள் வருவார்கள் என்று மேல்வயல் ஆட்களும் வரவில்லை. இராசமலர் தன் தமையன் வீட்டு வாசலை மிதித்து மூன்று வருடம். கதை கேட்க மாஸ்டர், விமலேஸ்வரி அக்கா, நான், கருவாடு கொண்டு வந்தால் யாகப்பு. அப்படி இருந்தும் மாஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் வந்து சொல்லுவார், "மூட்டையளை நகர்த்தி விடுங்கோ, இருபது பேருக்கு இடம் வேணும்." நானும் நகர்த்தினேன். ஒருவரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு கிழமையும் அவர் அந்த இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டார். "ஞாயிறு வாறியளோ?" ஐயாத்துரை அண்ணை சொல்லுவார், "அவர் வந்து இருந்தபிறகு சொல்லி அனுப்புங்கோ." நடராசா சொல்லுவார், "அவர் முதல் வரட்டும், நான் வாறன்." சென்ற வெள்ளிக்கிழமையும் அதற்குத்தான் போனார். ஒரு வீட்டில் கேட்டு முடித்து, மற்ற வீட்டுக்குப் போகும் வழியில், இரண்டு வயலுக்கும் நடுவில் விழுந்தார்.

ஓடி வந்தது ஆர்? மேலே இருந்து ஐயாத்துரை அண்ணை. கீழே இருந்து நடராசா. ஒருவர் தலையைப் பிடித்தார், மற்றவர் காலைப் பிடித்தார். நெல் ஏற்ற வந்த என் லொறியில் ஏற்றினார்கள். ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம், நடுவில் மாஸ்டர். லொறி ஓட்டினது தவராசா. நான் அவனைக் கேட்டேன், "என்னடா கதைச்சவை?" அவன் சொன்னான், "ஒண்டும் கதைக்கேல்லை முதலாளி. மாஸ்டர் ரெண்டுபேரையும் மாறிமாறிப் பாத்துக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரி வாசலிலையும் அவை ஆளுக்கொரு பக்கத்தாலை இறங்கிப் போச்சினம்."

இதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று இந்த மேடையில் நின்று சொன்னால் நான் பொய்யன்.

மாஸ்டரின் விதி மாஸ்டரோடு போய்விட்டது. அந்த விதி இனி ஆருடையது என்று நான் விமலேஸ்வரி அக்காவைப் போய்க் கேட்டேன். அவா எழுதினவர் பேரைச் சொன்னா, "மேடையிலை சொல்லலாம்" என்று அனுமதியும் தந்தா. ஆகவே சொல்கிறேன்.

அந்தக் கதையை எழுதினது விமலேஸ்வரி அக்கா.

ஐயாத்துரை அண்ணை, நிலத்தைப் பார்க்காமல் கேளுங்கள். நடராசா, வாசலைப் பார்க்காமல் கேளும். அந்த அண்ணன் அவாவின் அப்பா. அந்தத் தம்பி அவாவின் சித்தப்பா. இங்கே வந்து கொட்டில் போட்ட முதல் வருடமே எழுதி வைத்த கதை. அப்போது உங்களுக்கு வாய்க்காலே வெட்டவில்லை. நீங்கள் இருவரும் ஒரே வண்டியில் காட்டுத்தடி ஏற்றிக்கொண்டு திரிந்த காலம் அது.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"அவருக்கு அவரின்ரை விதி. எனக்கு அப்பாவின்ரை மானம். பிறகு பாக்கேக்கை மூண்டு வருசம் போட்டுது, செல்வநாயகம்."

கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் வாசிக்கவில்லை, அவா தரவும் இல்லை. ஆனால் அவாவின் ஊருக்குப் புகையிலை வாங்கப் போனவன் நான். அந்தத் துலாக் கிணற்றைப் பார்த்திருக்கிறேன். ஓய்வில்லாமல் இறைத்து இறைத்து உப்புத் தண்ணீர் ஏறிப்போன கிணறு. இன்றைக்கு அதில் மாடும் வாய் வைக்காது. இரண்டு வீட்டுக்காரரும் அந்தத் தோட்டத்தை விட்டு எழும்பினார்கள். விமலேஸ்வரி அக்கா இந்தக் காட்டுக்கு வந்தது அப்படித்தான்.

இப்போது பேர் தெரிந்துவிட்டது. ஆருக்கு என்ன வேணும் என்று தெரியும். குறுக்கே நிற்பது என்ன என்றும் தெரியும். இத்தனையும் தெரிந்த நீங்கள் எழும்பி வந்து ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருக்கிறீர்களா? இல்லை. பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

தில்லைநாதன் மாஸ்டரின் பணியைத் தொடருவோம் என்று எனக்கு முன் பேசிய எல்லாரும் சபதம் செய்தார்கள். எனக்குச் சபதம் வராது. பேசி முடித்த ஒப்பந்தம்தான் வரும். நேற்று விமலேஸ்வரி அக்காவும் நானும் பேசி முடித்ததைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

அரிவி வெட்டு முடிந்து நெல் வரும்வரைக்கும் ஞாயிறு பின்னேரத்தில் பின்னறை அவாவுக்கு. வாடகை இல்லை. இருபது பேருக்கு இடம் வரத்தக்கதாக மூட்டைகளை நான் நகர்த்தி வைப்பேன். அவா கடைசிப் பக்கத்தைக் கொண்டு வந்து இருப்பா. ஐயாத்துரை அண்ணையும் நடராசாவும் இருவரும் வந்து இருந்தால் வாசிப்பா. ஒருவர் மட்டும் வந்தால் வாசிக்கமாட்டா. வாசித்தபிறகு கருவைப் பேசி முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது. புது நெல் வந்து இறங்கும் நாள்வரை இருவரும் வராவிட்டால், அந்தப் பக்கத்தை அவா வீட்டுக்குக் கொண்டு போவா. நான் அறையை மூட்டை போட்டு நிரப்புவேன். அதற்குப் பிறகு அறை கேட்டு ஒருவரும் என்னிடம் வரக்கூடாது.