பெரியம்மாவுக்கு மறுபடி விளக்கேற்றிய தலைமை மின்பொறியாளருக்கு

அயல்நாட்டு நாசகாரிப் போர்க்கப்பல்களின் ஆயுளை நீட்டித்த அருந்திறலே! கம்பிக்குக் கம்பி கண்ணும் கருத்துமாய்க் காத்த கடமைக் கொழுந்தே! கப்பல்தளமே கூடி ‘பொறுங்க மேடம்’ என்று பட்டம் சூட்டிய எங்கள் அன்புக்குரிய அம்மையீர்! தங்கள் திருமுன் பணிவும், கொஞ்சம் குறும்பும் கலந்து இம்மடலை வைக்கிறோம்.

தாங்கள் பணியில் சேர்ந்த ஆண்டில்தான் அந்தக் கப்பலும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. ஆண்டுகள் ஓடி அது மூப்படைந்ததும் நாங்கள் அதைப் ‘பெரியம்மா’ என்றழைக்கலானோம். பழைய ரேடாரும் துருவேறிய குழாய்களும் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளுமாய் நின்ற பெரியம்மாவைப் புதுப்பிக்கும் பொறுப்பு தங்கள் தலையில் விழுந்தது. கடல் சோதனையில் தேறினால் இன்னும் பதினைந்து ஆண்டு பணி. தேறாவிட்டால் உடைக்கும் துறைக்குப் போய்ப் பழைய இரும்பாக வேண்டியதுதான்.

இரு முனையும் தெரியாமல் ஒரு கம்பியையும் வெட்ட விடமாட்டீர்கள். கத்தரியை எடுத்தாலே “பொறுங்க!” என்பீர்கள். தேநீர் வந்தாலும் “பொறுங்க!” தான், ஆறிப்போன தேநீரைக் குடித்தே ஆண்டுகளை ஓட்டினீர்கள். “ஊர்க் கப்பலுக்கெல்லாம் வெளிச்சம் போடுறா, எங்க வீட்டு மாடிப்படியில பல்பு எரிஞ்சு மாசக்கணக்காச்சு” என்று தங்கள் கணவர் எங்களிடம் முறையிட்டதும் உண்டு. நாங்கள் அவர் பக்கம்தான்.

அப்பேர்ப்பட்ட தாங்கள் ஒரே ஒருநாள் பொறுக்கவில்லை! ஓய்வு நாள் நெருங்கிய பதற்றத்தில், கருவிகளை உள்ளே இறக்கத் வெட்டித் திறந்திருந்த கப்பலின் பக்கவாட்டை மூடச் சொன்னீர்கள். பற்றவைத்து, தேய்த்து, வண்ணமும் பூசியாயிற்று. அப்போது கிரேன் ஓட்டுநர் மேலிருந்து கத்தினார்: “மேடம், கரையில ஒரு ஜெனரேட்டர் நிக்குதே, அது யாரோடது?”

கப்பலுக்குள் போயிருக்க வேண்டிய அவசரகால ஜெனரேட்டர் அது! ஆளுக்கொரு திசையில் பார்த்தோம். தாங்களோ யார் மேலும் பழி போடாமல், “நம்மளோடதுதான். என் தப்பு. மறுபடி பிரிங்க” என்றீர்கள். அதிகாரத்தின் உச்சியிலும் அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும், அம்மையீர்!

பிரித்துப் பூட்டுவதற்குள் தங்கள் ஓய்வு நாள் கடந்துவிட்டது. கப்பலின் கதி தெரியாமல் வாழ்த்துப் பாட எங்களுக்கு மனம் வரவில்லை. வழியனுப்பு விழாவைத் தள்ளி வைத்தோம்.

கழுத்தில் ‘பார்வையாளர்’ அட்டையோடு கடல் சோதனைக்கு வந்தீர்கள். நடுக்கடலில் இறுதித் தேர்வு: கப்பலின் மின்சாரம் முழுவதையும் துண்டிப்பார்கள், அந்த ஜெனரேட்டர் முக்கால் நிமிடத்துக்குள், கை படாமல், தானே உயிர்பெற வேண்டும். துண்டித்தார்கள். விளக்குகள் அணைந்தன, விசிறிகள் நின்றன. இருட்டில் தண்ணீர் மோதும் ஓசை மட்டும் கேட்டது. ஜெனரேட்டரிடமிருந்து ஒரு முனகலும் இல்லை. தங்கள் பதவிக்கு வந்த புதிய பொறியாளர் பொறுக்கமாட்டாமல் டார்ச்சை அடித்து, ஜெனரேட்டரைக் கையால் கிளப்பும் பிடியை நோக்கிக் கை நீட்டினார்.

“பொறுங்க! யாரும் எதையும் தொடாதீங்க. தொட்டோம்னா தோத்தோம். அது தானா வரணும்.”

பதவியில்லாத ஒருவரின் சொல்லுக்கு நீட்டிய கை அப்படியே நின்றது. ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது, செருமியது, பிறகு முழங்கியது. வரிசையாய் விளக்குகள் எரிந்தன. எங்கள் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. தாங்கள் இரும்பு ஏணிப்படியில் பொத்தென்று உட்கார்ந்து, “அப்பாடா! யாராவது ஒரு டீ குடுங்கப்பா” என்றீர்கள். அன்றுதான் தாங்கள் சூடாகத் தேநீர் குடித்ததைக் கண்டோம்.

பெரியம்மா தேறிவிட்டாள், அம்மையீர்! தேறிய செய்தி கையில் வந்த பின்னரே இம்மடலை எழுதி முடித்தோம். நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் நிறைவாய் வாழ்வீராக! நாளை காலை எங்கள் பிரிவிலிருந்து இருவர் தங்கள் இல்லத்துக்கு வருவார்கள், மாடிப்படி பல்பை மாற்ற. தாங்கள் எதையும் தொட வேண்டாம். நாற்காலியில் அமர்ந்து, தேநீர் ஆறுவதற்குள் குடியுங்கள்.

என்றும் தங்கள் குரலுக்குக் கை நிறுத்தும்,
கப்பல்தள மின்பிரிவுப் பணியாளர்கள்